முதுகு மட்டும்

முதுகுதானே. முகத்தை யார் கேட்டார்கள்?

வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற ஒரு முதுகு. நீலத்துணி, வலது கையில் ஒரு பை. நாலு எட்டு வைத்தால் போதும். அப்புறம் திரை இருண்டுவிடும், பெயர்கள் ஓடும். எங்கோ குளிர் நாட்டில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது யாருடைய முதுகு என்று தெரியவா போகிறது? எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தால் என்ன, நான் என்ன டிக்கெட் வாங்கிக்கொண்டா பார்க்கப்போகிறேன்?

பிரிஸ்கா இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே புளிச்சைப்பூ சர்பத்தை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. தலைநகர் வாகாடூகூவில் திரைப்பட வாரம். ஓட்டல் முற்றத்து வேப்பமரங்களுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லாம் கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் இருந்த நாற்காலி மட்டும் இப்போதுதான் காலியாயிருந்தது. அதில் இருந்து எழுந்துபோன ஒடீல், பாரிஸிலிருந்து வந்த விற்பனை ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு முன்னால் பதில் வேண்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, பிரிஸ்காவின் தோளை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போயிருந்தாள்.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஏஜென்ட் இல்லாமல் ஊர் தாண்ட முடியாது. ஒவ்வொரு நாட்டுத் தியேட்டர்காரனிடமும் டிவிக்காரனிடமும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இது நல்ல படம், வாங்கிக்கொள் என்று பேச ஒருவர் வேண்டும். பிரிஸ்கா தான் இயக்கிய படத்துக்காக ஆறேழு மாதமாக அந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தாள். படத்தின் இணைப்பையும் கடவுச்சொல்லையும் கடிதத்தில் வைத்து அனுப்புவாள். சிலர், அழகான படம், ஆனால் இந்த வருஷம் எங்கள் பட்டியல் நிரம்பிவிட்டது என்றார்கள். சிலர், எந்த விழாவில் முதலில் திரையிடப்போகிறீர்கள், அது முடிவானதும் சொல்லுங்கள் என்றார்கள். விழாக்காரர்களிடம் போனால் அவர்கள், உங்கள் படத்துக்கு ஏஜென்ட் யார் என்று கேட்டார்கள். இரண்டு வாசலிலும் நின்றவர்கள் அடுத்த வாசலைக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருந்தது. யார் எந்த நிமிடம்வரை படத்தைப் பார்த்தார்கள் என்பதை அந்த இணைப்பு அவளுக்குக் காட்டிவிடும். ஒருவர், பெலாஜி அக்கா முற்றத்தில் உட்கார்ந்து கால் கழுவுகிற இடத்தில் நிறுத்தியிருந்தார். இன்னொருவர், அவள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தலைத்துணியில் முடிந்துகொள்கிற இடத்தில். எந்த இடத்தில் யார் தன் அக்காவை விட்டுவிட்டு எழுந்துபோனார்கள் என்பது பிரிஸ்காவுக்கு மனப்பாடம். ராத்திரி படுத்தால் அந்த இடங்கள் வரும். பாதி கழுவிய காலோடு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

ஒடீல் மட்டும்தான் கடைசிவரை பார்த்தாள். இரண்டு தடவை.

*

படத்தில் நடித்த பெலாஜி, பிரிஸ்காவுக்கு உடன்பிறந்த அக்கா. நடிகை இல்லை. சொந்த ஊரான கூதூகூவில் அப்பா வீட்டிலேயே இருந்து, அண்ணன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, சந்தையில் வெங்காயம் விற்றவள். தங்கக்குழிக்கு வேலைக்குப் போன மகன் திரும்பாததால் வீட்டைப் பூட்டிவிட்டுக் குழி குழியாகப் போய் விசாரிக்கிற தாயின் கதை அது. அக்காவை நடிக்கக் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கதையில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எந்தப் படத்திலும் அப்படி எடுப்பதில்லை, செலவு ஏறிவிடும் என்று பிரிஸ்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"போகாம எப்படிடி திரும்பி வர்றது?" என்றாள் பெலாஜி. அதற்கு மேல் பேச்சில்லை.

அதனால் திரும்பி வருகிற காட்சி கடைசிக்குப் போனது. முதல் மழையில் அவள் தனியாக வந்து, வாசற்கதவைத் தள்ளி உள்ளே போக வேண்டும். மழைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கோடை உச்சத்தில் இருந்தபோது பெலாஜிக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. ஒரு மத்தியானம் வெங்காய மூட்டைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மழை வந்தது. பிரிஸ்கா கேமராவை வைத்து, மூடிய கதவையும் அதன் மேல் விழுகிற மழையையும் எடுத்தாள். படம் அப்படித்தான் முடிகிறது. யாரும் வருவதில்லை.

படத்தொகுப்பு மேசையில் ஒருநாள், அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற காட்சியை அவள் பின்னோக்கி ஓடவிட்டாள். காரணம் எதுவும் இல்லை, விரல் அழுத்திவிட்டது. தூரத்தில் புள்ளியாக இருந்த பெலாஜி முதுகு காட்டியபடியே நெருங்கி நெருங்கி வந்தாள். அவள் காலடியில் எழும்பிய புழுதி அடங்கிப் பாதத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. வாசலுக்கு வந்ததும் திரும்பி, பூட்டைத் திறந்து, பின்பக்கமாகவே வீட்டுக்குள் போனாள். பிரிஸ்கா இயந்திரத்தை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அதற்குப் பிறகு எத்தனை முறை அதை அப்படி ஓடவிட்டாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒடீலுக்கு அந்த மூடிய கதவுதான் உறுத்தியது. சந்தோஷமான முடிவைக் கேட்கவில்லை, அவள் திரும்பி வந்தால் போதும் என்றாள். வராமல் முடிகிற படத்தைத் தன்னால் சிநேகத்தோடுதான் பார்க்க முடியும், விற்க முடியாது என்றாள். நேர்மையான பேச்சு. ஆனால் நடித்தவர் இறந்துவிட்டாரே என்று வருத்தப்பட்டு அந்தப் பேச்சை அவளே முடித்தும்விட்டாள். அதோடு போயிருக்க வேண்டியது.

கெடுத்தவன் பூரெய்மா. படத்தின் தயாரிப்பாளன். அவன் சாமோ, பிரிஸ்கா மோசி. இந்த இரண்டு சனத்துக்கும் இடையில் எந்தக் காலத்திலிருந்தோ கேலி உறவு. சந்தையில் பார்த்தாலும் சரி, சர்க்கார் ஆபீசில் பார்த்தாலும் சரி, ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், திட்டலாம், கோபப்படக் கூடாது. சாவு வீட்டிலும் அந்த உரிமை உண்டு. அறுவடை முடிந்து, போன மாதம் கூதூகூவில் பெலாஜிக்குக் காரியம் செய்தபோது பூரெய்மா தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் குறுக்கே படுத்துவிட்டான். இந்த அடிமை எனக்குச் சோளக்களி கிண்டித் தராமல் எங்கேயும் போகக் கூடாது என்று அழுது புரண்டான். அதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். நேற்று அந்த வீடியோவைப் பெருமையாக ஒடீலுக்குக் காட்டினான்.

ஒடீல் பானையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போனைக் கையில் வாங்கி மறுபடியும் பார்த்தாள்.

"இவங்க இறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே," என்றாள்.

வீடியோவில் பெலாஜியின் நீலத்துணியைக் கட்டிக்கொண்டு, பெலாஜியின் வெங்காயப் பையோடு, அவளைப் போலவே இடது காலை லேசாக இழுத்து, துணியின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஒருத்தி வந்தாள். பூரெய்மாவை ஓர் உதை விட்டாள். "எந்திரி நாயே, எவ்வளவு நேரம் என்னை நிக்க வெச்சிருப்ப?" என்று கேட்டுவிட்டு, அவனைத் தாண்டி வாசலுக்குள் நடந்துபோனாள். கூட்டம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது.

அது அண்ணன் மனைவி நொவேலி. இறந்தவரைப் போல உடுத்தி, அவரைப் போல நடந்து, அவர் குரலில் பேசக் காரியத்தின்போது வீட்டு மருமகள் ஒருத்தி நிற்பாள். கூரிதா என்று பெயர். அன்றைக்குச் சாயங்காலம் குளித்து முழுகும்வரை அவளை எல்லோரும் இறந்தவரின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சொல்ல மறந்ததைச் சொல்வார்கள், பிள்ளைகள் பலகாரம் கேட்பார்கள், சண்டையில் இருந்தவர்கள் சமாதானம் ஆவார்கள். நொவேலி கேட்ட அந்தக் கேள்வி, படப்பிடிப்பு முழுக்க பெலாஜி பிரிஸ்காவைக் கேட்டதுதான். ஒளி சரியில்லை, இன்னொரு தடவை என்று சொல்லும்போதெல்லாம் வெயிலில் நின்றபடி கேட்பாள்: எவ்வளவு நேரம்டி என்னை நிக்க வெச்சிருப்ப?

ஒடீல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் மனதில் வந்ததை அவள் உடனே சொல்லவில்லை. இன்று காலைதான் சொன்னாள். நொவேலியை அதே மாதிரி வாசலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து எடுத்தால் போதும், செலவைத் தான் ஏற்பதாக. முதுகு மட்டும்.

*

"செஞ்சுடு," என்றான் பூரெய்மா. ஒடீல் எழுந்துபோன நாற்காலியில் அவன் வந்து உட்கார்ந்து, பிரிஸ்காவின் சர்பத்தையும் எடுத்துக் குடித்துவிட்டிருந்தான். "என்ன யோசனை? ஒரு சாமோ சொல்றேன், அடிமை கேட்டுக்கணும்."

"நாய்த்தலை திங்கிறவன் பேச்சையெல்லாம் கேக்குறதில்ல."

அவன் சிரிக்கவில்லை. நாலு வருஷம் இந்தப் படத்துக்காக ஓடினவன் அவன். கேலியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் அவன் முகம் திடீரென்று வயதாகிவிடும்.

"உங்க அக்கா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? பனி விழுற ஊர்ல பெரிய திரையில போடுவீங்களா, எனக்கு உக்கார இடம் குடுப்பாங்களான்னு கேட்டா. குடுப்பாங்கன்னு நான் சொல்லிட்டேன், பிரிஸ்கா."

அவளிடமும் கேட்டிருக்கிறாள். அவளும் குடுப்பார்கள் என்றுதான் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானமே பிரிஸ்கா கூதூகூ பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஒரே புழுதி நிறம். உண்மையைச் சொன்னால் பூரெய்மாவுக்காகவும் அவள் போகவில்லை, ஒடீலுக்காகவும் போகவில்லை. அந்த நாலு எட்டைத் தன் கேமராவுக்குள் பார்க்க வேண்டும் என்று அவள் உடம்புக்குள் ஏதோ ஒன்று பசித்துக்கொண்டிருந்தது. பின்னோக்கி ஓடாமல், நேராக, அக்கா ஒரு தடவை வீட்டுக்குள் போக வேண்டும். இது படத்துக்காக என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மனம் நம்பவில்லை.

நொவேலி முற்றத்தில் பாயை விரித்து, குழம்பில் போடுகிற சும்பாலா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். புளித்த விதைகளின் வாசம் தெருமுனைவரை வந்தது. பிரிஸ்காவைப் பார்த்ததும் கையைத் துடைக்காமலே சொன்னாள்.

"நாத்தனார் சொல்லாம வந்தா, ஒண்ணு சாவு, இல்லைன்னா கேமரா. இதுல எது?"

"கேமராதான் அண்ணி."

"அப்ப சாப்பிட்டுட்டுப் பேசு. சாவுன்னாத்தான் அவசரம்."

நிலக்கடலைக் குழம்பும் சோறும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே பிரிஸ்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஒடீலை, மூடிய கதவை, வீடியோவை, முதுகை. நொவேலியின் கையிலிருந்து உருண்டைகள் ஒரே அளவில் வந்துகொண்டிருந்தன.

"எந்தத் துணி?" என்று மட்டும் கேட்டாள்.

"நீலம்."

"அது என்கிட்ட இல்ல. அன்னைக்குக் குளிச்சு முழுகினதும் உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். சித்தி பொண்ணு கொண்டுபோயிட்டா."

"அதே மாதிரி வேற வாங்கிக்கலாம் அண்ணி."

"ம். துணி வேற வாங்கிக்கலாம்."

இன்னும் இரண்டு உருண்டை பிடித்துப் பாயில் வைத்தாள். பிறகு நொவேலி கையை நிறுத்தினாள்.

"போன வாரம் சந்தையில செருப்புக்கடை வரிசையில போயிட்டிருக்கேன். யாரோ பின்னாலேர்ந்து பெலாஜின்னு கூப்பிட்டான். வெளியூர்க்காரன், அவ செத்தது தெரியாது போல. அதுல ஒண்ணும் இல்ல. ஒரே துணிக்கடையில எடுக்குறோம், முதுகு ஒண்ணாத் தெரியும்." விரலில் ஒட்டியிருந்ததை வழித்துவிட்டாள். "நான் திரும்பிட்டேன் பிரிஸ்கா. யோசிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிட்டேன். என்ன வேணும்னு கேட்டேன். அவ குரல்ல."

பிரிஸ்காவின் கையில் சோறு அப்படியே இருந்தது.

"இந்தக் கால் இருக்கு பாரு, இடது கால். எனக்கு அதுல ஒரு கோளாறும் கிடையாது. காலையில எந்திரிக்கும்போது இழுக்குது. உங்க அண்ணன் பார்த்துட்டுப் பேசாம வெளிய போயிடுறாரு. அன்னைக்குத் தண்ணி சரியா ஊத்திக்கலையோ என்னவோ. சரியாயிடும்னு சொல்றாங்க. ஆகிட்டுத்தான் வருது."

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணி."

"உன்கிட்ட எதைச் சொல்றது? சொன்னா எழுதி வெச்சுக்குவ." நொவேலி லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் தொடர்ந்தாள். "செய்ய மாட்டேன்னு சொல்லல. அவளுக்கு அந்தப் படம் மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். நீ கேட்டா நடப்பேன். ஆனா ஒண்ணு சொல்லு. அன்னைக்கு ஊரே என்னை அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. சாயங்காலம் குளிச்சேன், அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. அதோட முடிஞ்சுது. நீ படத்துல வெச்சுட்டேன்னா, எங்கெங்கேயோ உக்காந்துக்கிட்டு தினம் யாராவது என்னை அவளாவே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் நான் எப்பக் குளிக்கிறது?"

நொவேலி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளிக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் எழுந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

இடது கால் லேசாக இழுத்தது. இரண்டு விரல் துணியின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தது.

சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாள் காத்திருந்தாலும் கிடைக்காத ஒளி. மடியில் இருந்த போனைப் பிரிஸ்காவின் கை தானாகவே தேடி எடுத்தது. திரையில் அக்கா போய்க்கொண்டிருந்தாள். பிரிஸ்கா கட்டைவிரலைச் சிவப்புப் புள்ளிக்கு மேலே கொண்டுபோய், தொடாமல், அப்படியே வைத்திருந்தாள்.

வாசலில் அந்த முதுகு நின்றது. திரும்பவில்லை.

"எடுத்துட்டியா?"

யார் குரல் என்று பிரிஸ்காவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"இல்ல," என்றாள். எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட வரவில்லை. போனைப் பாயின் மேல் கவிழ்த்து வைத்தாள். "இல்ல. எடுக்கல."

"சரி," என்றாள் நொவேலி. பிறகு துணியின் விளிம்பை விட்டுவிட்டு, இடது குதிகாலை வேண்டுமென்றே அழுத்தி அழுத்தி ஊன்றி, நடக்கப் பழகுகிறவளைப் போலக் குழாய்ப் பக்கம் போனாள்.

*

ஞாயிறு காலை ஓட்டல் முற்றத்தில் கூட்டம் கலைந்திருந்தது. ஒடீலின் பெட்டி நாற்காலியின் பக்கத்தில் நின்றது. பூரெய்மா சீக்கிரமே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் அந்தச் சட்டையைப் போட்டுப் பிரிஸ்கா ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள், பெலாஜியை அடக்கம் செய்த அன்று.

ஒடீல் ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினைந்து வருஷத்துக்கு உலக உரிமை. அவளுடைய பங்கு. போஸ்டர் செலவு, விழாக்களுக்கு அனுப்புகிற செலவு. ஒரு பெரிய விழாவின் தேர்வாளரிடம் அவள் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தாள். எதையும் ஒளிக்கவில்லை, எதையும் கூட்டிச் சொல்லவுமில்லை. இந்த ஆறேழு மாதத்தில் படத்தை இவ்வளவு அக்கறையோடு தொட்டவர் வேறு யாரும் இல்லை என்று பிரிஸ்கா நினைத்தாள். அப்படி நினைத்தது வலித்தது.

"இனிமே நீங்க அலைய வேண்டாம்," என்றாள் ஒடீல். "எந்த ஊர்ல கேட்டாலும் உங்க படத்துக்கு நான்தான் பிரதிநிதி. உங்க இடத்துல நின்னு நான் பேசுவேன்."

நொவேலியும் ஒருத்தியின் இடத்தில் நின்று பேசினாள், ஒரே ஒரு நாள். அதிலிருந்து வெளியே வரக் கால் இன்னும் பாடுபடுகிறது. பதினைந்து வருஷம் என்று எழுதியிருந்த வரியைப் பிரிஸ்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிக் காட்சி இல்லாம எடுத்துக்க மாட்டீங்களா?"

ஒடீல் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "எடுத்துக்கிட்டா உங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடும் பிரிஸ்கா. என்னால அதை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பட்டியல்ல ஒரு பேரா இருக்கும், அவ்வளவுதான்." மேசையின் மேல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "அந்தம்மா முடியாதுன்னுட்டாங்களா?"

"இல்ல. நீ கேட்டா நடக்கிறேன்னு சொன்னாங்க."

பூரெய்மா நிமிர்ந்து பார்த்தான். ஒடீலின் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பிரிஸ்காவின் பக்கமாக வைத்தாள்.

பனி விழுகிற ஊரில் பெரிய திரை, முன்வரிசையில் ஒரு காலி இருக்கை. பிரிஸ்கா அதை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். அதில் வந்து உட்காரப்போவது யார் என்பதையும் பார்த்தாள். துணியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, எந்தப் பெயருக்குத் திரும்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிற ஒருத்தி.

அவள் பேனாவை எடுத்து, மூடியைத் தேடி மாட்டி, ஒப்பந்தத்தின் மேலேயே வைத்து, ஒடீலின் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"வேண்டாங்க."

"முதுகு மட்டும்தானே," என்றாள் ஒடீல், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அவங்க குளிச்சாச்சு," என்றாள் பிரிஸ்கா.

ஒடீலுக்குப் புரியவில்லை. அவள் பூரெய்மாவைப் பார்த்தாள். கேலி உறவுக்காரன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபிக்க முடியாது. அவன் எதையும் சொல்லவில்லை. இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒடீலின் பெட்டியைத் தூக்கிக்கொள்ள எழுந்தான்.